மாடியறை நோயாளி

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நர்ஸ் படிப்புப் படித்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் விடுதியில் ஒரு பேச்சு உண்டு. பயந்தவள்தான் மருந்துப் புட்டியை இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பாளாம், தைரியசாலி ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பார்ப்பாளாம். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டே படித்து முடித்தேன். காரைக்காலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தேன். அப்புறம் நிக்காஹ், பிள்ளைகள், பிள்ளைகளின் டியூஷன் என்று ஓடிவிட்டது. ஸ்டெதஸ்கோப் பீரோவுக்குள் பெருநாள் புடவைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் குடும்பங்களின் வழக்கப்படி, கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மாடியறை அவருக்கு. எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், சபுராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர். வளைகுடா நகரம் ஒன்றில் ஏசி மெக்கானிக். விடுப்பில் வந்தால் உம்மா அவரைத் தாங்கு தாங்கென்று தாங்குவாள். நெய்ச்சோறும் கறியும் மாடிக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அவரும் போதும் என்று சொன்னதே கிடையாது. பெண் வீட்டில் இருந்துகொண்டு மாப்பிள்ளை உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்தால், அது சமைத்தவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

போன தடவை விடுப்பில் வந்தவர் ஒரு நாள் இறால் உரித்துக்கொண்டே, "உனக்கு இங்க வேலை கெடைச்சா நான் திரும்பிப் போகல புள்ள" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதை விடவில்லை. காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களை எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். இடையில் வேலையை விட்டவர்களும் வரலாமாம், ஆனால் தேர்வு எழுத வேண்டுமாம். காலையில் எழுத்துத் தேர்வு, மதியம் நோயாளியை வைத்துச் செய்முறைத் தேர்வு. அவருடைய திரும்பும் டிக்கெட் கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. ஆக, நான் தேறினால் அவர் இருப்பார், தவறினால் விமானம் ஏறுவார்.

அன்றிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். பழைய புத்தகத்தைப் பிரித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியும் இருந்தது, எதுவுமே தெரியாத மாதிரியும் இருந்தது. வளர்ந்தவர்களுக்கு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பது முதல் வருஷப் பாடம். அதைக்கூடத் தயங்கித் தயங்கித்தான் சொல்ல வந்தது. மாதிரித் தேர்வுத்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். எனக்கு நான்குமே சரியாகப் பட்டன. காரைக்கால் பஸ்ஸில் ஏறினால் கல்லூரிப் பெண்கள் செல்போனில் கேள்விகளைத் தட்டித் தட்டி நொடியில் விடை சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களோடுதான் நான் போட்டி போட வேண்டும். என் முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இல்லை, மையத்து விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவள் மாதிரி இருக்கிறது என்று உம்மா கேலி செய்வாள்.

எழுத்துத் தேர்வையாவது குருட்டாம்போக்கில் தள்ளிவிடலாம். செய்முறைக்கு உடம்பு வேண்டும். தொட்டு, பிடித்து, கேள்வி கேட்டுப் பழக ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். உம்மாவைத் தொட்டால் கூச்சத்தில் நெளிவாள். கடைசியில் அவரே, "நான் படுத்துக்கிறேன், நீ வந்து பாரு" என்றார். தினமும் மதியம் லுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு மாடியறை வார்டு ஆகிவிடும். அவர் நோயாளி, நான் சிஸ்டர்.

நோயாளி லேசுப்பட்டவர் இல்லை. தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார். காபி குடித்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வார். சூடாக ஏதாவது குடித்திருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்பது விதி. மீசையில் நுரை இருக்கும். மூச்சு எண்ணும்போது எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மாற்றி மூச்சு விடுவார், அதனால் நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் விளக்கினேன். மறுநாளிலிருந்து கையைப் பிடித்தவுடனே நெஞ்சை ஊதிக் காட்டுவார். சிரித்துச் சிரித்தே பாதி நேரம் போய்விடும்.

ரத்த அழுத்தம் பார்த்த அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. தெரிந்த மருந்துக்கடையிலிருந்து கருவியை இரவல் வாங்கி வந்திருந்தேன். பட்டையைக் கட்டி, காற்றேற்றி, மெதுவாக இறக்கினேன். இருக்க வேண்டியதற்கு மிகவும் மேலே காட்டியது. மறுபடி பார்த்தேன், அதே மாதிரிதான். அடுத்த கையில் பார்த்தேன். அப்போதும் இறங்கவில்லை. "உனக்குக் காது மறந்து போச்சு" என்று அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் இரண்டு பயங்கள் நின்றன. ஒன்று, எனக்கு வேலை மறந்துவிட்டது. இன்னொன்று, இவர் உடம்புக்கு என்னவோ ஆகியிருக்கிறது. நான் பரீட்சைப் பயத்தையே எடுத்துக்கொண்டேன். அதுதான் ஏற்கெனவே பழகிய பயம். டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமே என்று பேச்சுவாக்கில் சொன்னேன், பரீட்சை முடியட்டும் என்றார்.

சபுராளி வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடல் தாண்டி நோவு சொல்லக்கூடாது. இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாலும், ஃபோனில் "தூங்குறான்" என்றுதான் சொல்வோம். கேட்டு அவர் அங்கே என்ன செய்ய முடியும்? அங்கிருந்தும் அப்படித்தான், எப்போது கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்." ஆனால் எனக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. மற்றப் பெண்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் ஃபோன் வரும், நிதானமாகப் பேசுவார்கள். எனக்கு வேலை நாளில், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் திடீரென்று வரும். "என்ன ஆக்குன?" என்பார். நான் மீன் வாங்கியதிலிருந்து தாளித்தது வரைக்கும் சொல்வேன். அவர் ம் கொட்டிக்கொண்டிருப்பார். பிறகு, சரி புள்ள, வேலை இருக்கு என்று வைத்துவிடுவார். தெருவில் என்னைக் கேலி செய்வார்கள், வேலைக்கு நடுவிலும் பெண்டாட்டி ஞாபகம்தான் என்று. எனக்குப் பெருமை தாங்காது.

தேர்வுக்கு முந்தின நாள் நோயாளியிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொள்வதைப் பழகலாம் என்று வைத்திருந்தேன். ஆமாம், இல்லை என்று முடிகிற மாதிரிக் கேள்வி கேட்கக்கூடாது, நோயாளியைத் தன் வாயால் சொல்ல விட வேண்டும். அதற்கு முன்னாலும் இரண்டொரு தடவை பழகியிருக்கிறோம். ஒரு தடவை அவர் அரபி முதலாளியாக வந்து ஒட்டகப் பால் கேட்டார். ஒரு தடவை பிள்ளைத்தாய்ச்சியாக வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். உம்மா கீழே இருந்து என்ன சத்தம் என்று கேட்டாள்.

அன்று அவர் மாடிக்கு வர நேரமாயிற்று. வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, நானும்தான் வேர்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து தலையணையில் சாய்ந்துகொண்டார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, தேர்வாளர் எதிரில் நிற்கிற மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு என்ன செய்யுது, சொல்லுங்க."

"நான் வெளிநாட்டுல ஏசி வேலை பாக்குறேன் சிஸ்டர். மொட்டைமாடிக்கு ஏறி எறங்குற வேலை. படி ஏறுனா நெஞ்சுல பாரமா வந்து உக்காருது. யாரோ முட்டி போட்டு அமுக்குற மாதிரி. அப்படியே தாடைக்குப் போகுது. உக்காந்தா போயிடும்."

இன்று புது வேஷம் போடச் சோம்பல்பட்டுத் தன் வேஷத்தையே போட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். நெஞ்சுவலிப் பாடம் என் புத்தகத்தில் பிரித்தபடியே கிடக்கும், அவரும் அதைப் புரட்டுவார். நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறாரே என்று உள்ளூரச் சிரிப்பாகவும் இருந்தது. மாட்டிவைக்கலாம் என்று புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைப் போட்டேன். வேலை நடுவில் இப்படி உட்கார்ந்தால் கூட இருப்பவர்கள் என்னவென்று கேட்க மாட்டார்களா என்றேன்.

"கேப்பாங்க சிஸ்டர். அதான் படிக்கட்டுல உக்காந்துகிட்டு ஃபோன எடுத்து வீட்டுக்குப் போட்டுருவேன். பொண்டாட்டிகிட்ட பேசுறவன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என்ன ஆக்குனேன்னு அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள வலி எறங்கிடும்."

பென்சில் காகிதத்திலேயே நின்றுவிட்டது. மீன்குழம்பு, கத்தரிக்காய், புளி எவ்வளவு கரைத்தேன் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. நான் கதை கதையாக அளந்துகொண்டிருந்த ஒவ்வொரு உச்சிவெயிலிலும் இந்த மனிதர் எங்கோ ஒரு படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ம் கொட்டியிருக்கிறார். சில நாள் அடுப்பில் வேலை இருக்கிறது என்று நான் சீக்கிரம் வைத்துவிட்டதும் உண்டு. அந்த நாட்களில் என்ன செய்தாரோ.

என் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. நான் இப்போது "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டால், ஐயோ என்று தலையில் கை வைத்துவிட்டால், அவர் உடனே சிரித்து, சும்மா நடிச்சேன் என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டிக்கு அவரிடமிருந்து இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது. சிஸ்டருக்குத்தான் கிடைக்கும். அதனால் நான் சிஸ்டராகவே இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் செய்ததில்லை. பென்சிலை மறுபடி நகர்த்திக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"இத வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இப்பத்தான் சொல்றேன்."

"கடைசியா வலி எப்ப வந்துச்சு?"

"மாடிப்படி ஏறி வந்தேன்ல சிஸ்டர், அப்ப. உக்காந்துதான் இருக்கேன், இன்னும் போகல."

மணிக்கட்டைப் பிடித்தேன். தோல் வேர்வையில் ஈரமாக, மீன் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நாடி ஓடியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுதினால்தான் பொருத்தமாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. பயம் இருந்தது, கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. சட்டைப் பொத்தானைத் தளர்த்தினேன். முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, ஓர் அடிகூட நடக்கக்கூடாது என்று சொன்னேன். பரீட்சை நாளைக்குத்தானே, முடித்துவிட்டுப் போகலாமே என்று இழுத்தார். நான் மாடியிலிருந்தே தெருவைப் பார்த்துக் கத்தினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அடுத்த வீட்டு ஆண்கள் ஓடி வந்தார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவரை மாடியிலிருந்து இறக்கினோம். மாமியார் எதிரில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டதே என்ற கூச்சத்தில் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினாள். பட்டினத்திலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம்தான், நித்தம் போய் வருகிற பாதை. அன்று அரசலாற்றுப் பாலம் வரவே இல்லை. உம்மா ஓதிக்கொண்டு வந்தாள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். "எண்ணுறியா?" என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று அவர் நெஞ்சை ஊதிக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். இவர் உம்மா நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேஸ் ட்ரபிள் மாதிரிதாங்க இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தனை பயத்திலும் அந்தக் கோபம்தான் என்னை நிற்கவைத்தது. நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே வலி, எப்படிப்பட்ட வலி, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இன்று ஏன் குறையவில்லை, ரத்த அழுத்தம் எவ்வளவு காட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொன்னார். காகிதத்தைப் பார்த்தவுடன் அவர் குரல் மாறியது. மாத்திரைகளைக் கொடுத்து, உடனே தஞ்சாவூர் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

உம்மா என்னை ஓரமாக இழுத்தாள். கண் நிறைந்திருந்தது.

"நான் ஆக்கிப் போட்ட சோறா அவருக்கு இப்படிப் பண்ணிடுச்சு? உங்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு, எங்கிட்ட மூடி மறைச்சுட்டீங்களே."

"எங்கிட்ட சொல்லல உம்மா. நர்ஸுகிட்ட சொன்னாங்க" என்றேன்.

மறுநாள் காலையில் காரைக்காலில் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் தஞ்சாவூரில் ஒரு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். தேர்வு வைத்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன், அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வரச் சொன்னார். போனேன், எழுதினேன், தேறினேன். இப்போது அங்கேதான் வேலை. அவர் விமானம் ஏறவில்லை. பட்டினத்திலேயே ஃபிரிட்ஜும் ஏசியும் பழுதுபார்க்கிறார். பாரம் தூக்க ஆள் வைத்திருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது.

ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, தேவையென்றால் ஸ்டென்ட் வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பச்சை அங்கியைப் போட்டு, வண்டியில் படுக்கவைத்து, கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்த அங்கியில் அவர் மிகவும் சின்னவராகத் தெரிந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"பயமா இருக்கு புள்ள" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. மாதிரித் தேர்வுத்தாள்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஆபரேஷனுக்குப் போகும் நோயாளி பயமாக இருக்கிறது என்கிறார், செவிலியர் என்ன சொல்ல வேண்டும்? பயப்படாதீர்கள் என்பது தப்பு. டாக்டர் கெட்டிக்காரர் என்பதும் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த விடையை எத்தனையோ தடவை சரியாகக் குறித்திருக்கிறேன். அப்போது என் வாயில் வந்தது நான்கு விடைகளிலும் இல்லாதது.

"எனக்கும் ரொம்பப் பயமா இருக்கு மச்சான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கிட்ட சொல்லாமலே அந்தப் படிக்கட்டுல மவுத்தாயிடுவேனோன்னுதான் பயந்துகிட்டே இருந்தேன்" என்றார். வண்டி தள்ளுகிறவர் வந்து, போகலாமா என்று கேட்டார். இவர், கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, முதன்முதலில் வலி வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.